எடுத்துச் செல்லாத பொருளை விற்கலாமா? கடைக்காரர்களுக்கும் வீட்டு உரிமையாளர்களுக்கும் ஐந்து வழிகளின் ஒப்பீடு

தையற்கடை அலமாரியில் மூன்று தீபாவளிகளைத் தாண்டிய ஜாக்கெட்டுகள். செல்போன் கடை இழுப்பறையில் பெயர்ச் சீட்டு ஒட்டிய போன்கள். பட்டறை வாசலில் காற்று இறங்கி, துரு ஏறி நிற்கும் பைக். சொல்லாமல் காலி செய்துவிட்டுப் போன குடித்தனக்காரரின் பீரோவும் கட்டிலும். இவற்றை வைத்துக்கொண்டிருப்பவர்கள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஆளையே காணோம், என் கூலியும் வரவில்லை, இடத்தையும் அடைக்கிறது. விற்று என் பணத்தை எடுத்துக்கொள்ளலாமா?"

கேள்வியில் இருக்கும் நியாயம் எனக்கு நன்றாகவே புரிகிறது. உழைத்தவருக்குக் கூலி வராமல், அடுத்தவர் பொருளையும் காவல் காக்க வேண்டியிருப்பது கொடுமைதான். ஆனால் அந்த நியாயத்தை மட்டும் நம்பி விற்றவர்கள், சில நூறு ரூபாய்க் கூலிக்காகக் காவல் நிலையப் படி ஏற நேர்ந்திருக்கிறது. இந்தியச் சட்டத்தில் பிடித்துவைக்கும் உரிமை வேறு, விற்கும் உரிமை வேறு. முதலாவது பலருக்கு உண்டு. இரண்டாவது சிலருக்கு மட்டும், அதுவும் குறிப்பிட்ட வழிகளில் மட்டுமே உண்டு. இங்கிலாந்தில் 1977-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, எடுத்துச் செல்லப்படாத பொருளை முறைப்படி நோட்டீஸ் கொடுத்து விற்கும் அதிகாரத்தை, பொருளை வைத்திருப்பவருக்கு நேரடியாகவே கொடுத்திருக்கிறது. நம் நாட்டில் எல்லாக் கடைகளுக்கும் பொதுவான அப்படியொரு சட்டப்பிரிவு இல்லை. அதனால்தான் இத்தனை குழப்பம்.

## முதலில், பொருள் உங்கள் கைக்கு எப்படி வந்தது?

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் இதற்குப் பதில் வேண்டும். உரிமையாளரே ஒரு வேலைக்காகக் கொடுத்தாரா? கடனுக்கு அடகாக வைத்தாரா? முன்பணம் கட்டி வாங்கிய பொருளை எடுக்க வராமல் இருக்கிறாரா? மறந்து விட்டுப்போனாரா? இந்த நான்குக்கும் சட்டம் நான்கு வேறு பதில்களை வைத்திருக்கிறது.

அதிகம் குழப்பிக்கொள்ளப்படுவது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 169-ஆம் பிரிவு. "பொருளின் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு செலவு ஏறிவிட்டால் விற்றுவிடலாம்" என்று கடைத்தெருவில் யாரோ சொல்லியிருப்பார்கள். அப்படி ஒரு விதி இருப்பது உண்மை. ஆனால் அது பொருளைக் கண்டெடுத்தவருக்கான விதி. வழக்கமாக விற்பனையாகும் பொருளாக அது இருக்க வேண்டும். தக்க முயற்சி எடுத்தும் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாமல் போயிருக்க வேண்டும், அல்லது அவர் வந்தும் நியாயமான செலவைத் தர மறுத்திருக்க வேண்டும். அதற்கு மேல், பொருள் அழுகும் அல்லது மதிப்பில் பெரும்பகுதியை இழக்கும் நிலையில் இருக்க வேண்டும், அல்லது கண்டெடுத்தவரின் சட்டப்படியான செலவு மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டிருக்க வேண்டும். உங்கள் மேசையில் யாரோ மறந்துவிட்டுப் போன குடைக்கு இது பொருந்தலாம். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி, ரசீது கொடுத்து வாங்கி வைத்த பொருளுக்கு இது பொருந்தாது. அதை நீங்கள் கண்டெடுக்கவில்லை, உங்களை நம்பி ஒப்படைத்தார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது?

ஐந்து அளவுகோல்கள் போதும்.

- விற்கும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? சட்டத்திலிருந்தா, உரிமையாளரின் ஒப்புதலிலிருந்தா, நீதிமன்ற உத்தரவிலிருந்தா?
- வாங்குபவருக்கு முழு உரிமை கிடைக்குமா? சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 27-ஆம் பிரிவின்படி, உரிமையாளர் அல்லாத ஒருவர் உரிமையாளரின் அதிகாரமோ ஒப்புதலோ இல்லாமல் விற்றால், வாங்கியவருக்குப் பொதுவாக விற்றவரிடம் இருந்ததைவிட மேலான உரிமை கிடைக்காது.
- எவ்வளவு காலம் ஆகும்?
- வெளியே தெரியாத செலவு என்ன?
- குற்ற வழக்காக மாறும் வாய்ப்பு உண்டா? நம்பி ஒப்படைத்த பொருளை நேர்மையற்ற முறையில் விற்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 316-ஆம் பிரிவின்கீழ் நம்பிக்கை மோசடி. 5 ஆண்டு வரை சிறை. கிடங்கு நடத்துபவர், சரக்கு ஏற்றிச் செல்பவர் போன்றோர் செய்தால் 7 ஆண்டு வரை.

கடைசி அளவுகோலை நான் மற்ற நான்குக்கும் மேலே வைப்பேன். பணம் போனால் திரும்பச் சம்பாதிக்கலாம். குற்ற வழக்கு, முடிகிற வரை மனிதரை உட்கார விடாது.

| வழி | விற்கும் அதிகாரம் | ஆகும் காலம் | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|
| விற்காமல் பிடித்துவைத்தல் | இல்லை | வரம்பில்லை | உரிமையாளர் திரும்பி வருவார் என்ற நிலையில், சிறிய பொருள் |
| எழுத்துப்பூர்வ நிபந்தனைப்படி நோட்டீஸ் கொடுத்து விற்றல் | உரிமையாளரின் ஒப்புதல் | சில வாரங்கள் முதல் சில மாதங்கள் | கையெழுத்து வாங்கிய கடைகள் |
| தனிச் சட்டம் தரும் விற்பனை உரிமை | அந்தந்தச் சட்டம் | சட்டம் சொல்லும் நோட்டீஸ் காலம் | அடகு பிடித்தவர், பணம் வராத விற்பனையாளர், லாரி நிறுவனம் |
| காவல் நிலையம், குற்றவியல் நடுவர் | நடுவரின் உத்தரவு | பொது அறிவிப்பிலிருந்து 6 மாதம், அதற்கு மேலும் | உரிமையாளர் யாரென்றே தெரியாத, சந்தேகத்துக்குரிய பொருள் |
| உரிமையியல் நீதிமன்றம் | நீதிமன்ற உத்தரவு | பல மாதங்கள், சில வேளை ஆண்டுகள் | விலை உயர்ந்த பொருள், வாகனம், போட்டிக் கோரிக்கை |

## வழி 1: விற்காமல் பிடித்துவைத்திருப்பது

ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு, பொருளின்மீது உழைப்பையோ திறமையையோ செலுத்தி வேலை செய்தவருக்கு, கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தராமல் வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. சட்டமே இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்கிறது. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தை, கூலி வரும்வரை நகை வேலைக்காரர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கோட்டைத் தைத்ததும் கொடுத்துவிடுவதாகவும், பணத்துக்கு மூன்று மாதத் தவணை தருவதாகவும் ஒப்புக்கொண்ட தையற்காரர், பணம் வரவில்லை என்று கோட்டைப் பிடித்துவைக்க முடியாது. "அப்புறம் கொடுங்கள், பரவாயில்லை" என்று பெருந்தன்மையாகச் சொல்லும் பழக்கமுள்ள கடைக்காரர்கள் இந்த இரண்டாவது எடுத்துக்காட்டை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்த உரிமைக்கு மூன்று எல்லைகள் உண்டு. ஒப்புக்கொண்ட வேலையைச் செய்து முடித்திருக்க வேண்டும். செய்த வேலையின் கூலிக்கு மட்டுமே இந்த உரிமை; வெறுமனே இடம் கொடுத்து வைத்திருந்ததற்கான வாடகை இதில் சேராது. பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் உரிமையும் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தப் பிரிவில் "விற்கலாம்" என்ற சொல்லே கிடையாது. அடகைப் பற்றிப் பேசும் 176-ஆம் பிரிவு விற்பனையை வெளிப்படையாகச் சொல்கிறது. ஆறு பிரிவுகள் தள்ளி அனுமதியை எழுதிய அதே சட்டம் இங்கே எழுதவில்லை என்றால், அனுமதி இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு கணிசமானது. பிடித்துவைத்திருக்கும் காலம் முழுக்க, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு அதை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் (பிரிவு 151). மழையில் நனைந்து மோட்டார் கெட்டால், அலட்சியம் என்ற கேள்வி உங்கள் பக்கம்தான் வரும். நடுவில் அந்தப் பைக்கை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போய் வந்தால், அதனால் வரும் சேதத்துக்கும் நீங்கள்தான் பொறுப்பு (பிரிவு 154).

காலக்கெடு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். "மூன்று வருஷம் ஆகிவிட்டது, இனி அவருக்கு உரிமை இல்லை" என்று நினைப்பது தவறு. வரம்புக் காலச் சட்டம், 1963-இன் 70-ஆம் உறுப்பின்படி, ஒப்படைத்த அல்லது அடகு வைத்த பொருளைத் திரும்பப் பெற மூன்று ஆண்டுகள். அந்தக் கணக்கு, உரிமையாளர் கேட்டு நீங்கள் மறுத்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது. அவர் கேட்கவே இல்லை என்றால் கடிகாரம் ஓடவே தொடங்கவில்லை. அதே நேரம், பணம் கட்டும் நாள் தனியாகக் குறிக்கப்படாத வேலைக்கு, உங்கள் கூலிக்காக வழக்குப் போடும் மூன்றாண்டுக் கணக்கு வேலை முடிந்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது. ஆண்டுகள் போகப் போக உங்கள் கைதான் இறங்குகிறது. சும்மா காத்திருப்பது பாதுகாப்பாகத் தெரிந்தாலும், ஒரு கட்டத்துக்கு மேல் அது நட்டத்தை உங்கள் பக்கமே தள்ளும் முடிவு.

## வழி 2: எழுத்துப்பூர்வ நிபந்தனையும் நோட்டீஸும்

சிறு கடைகளுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஆனால் இதைப் பொருளை வாங்கும் நாளிலேயே தொடங்க வேண்டும். வாடிக்கையாளர் கையெழுத்திட்ட வேலைச் சீட்டில், "வேலை முடிந்ததாகத் தெரிவித்த நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் எடுத்துச் செல்லாவிட்டால், நோட்டீஸ் அனுப்பி, அதன் பிறகும் வராவிட்டால் இந்தப் பொருளை என் சார்பில் விற்று, கூலியையும் வைப்புச் செலவையும் கழித்துக்கொண்டு மீதியை எனக்குத் தர ஒப்புக்கொள்கிறேன்" என்று இருந்தால், விற்கும் அதிகாரத்தை உரிமையாளரே உங்களுக்குத் தந்தவராகிறார். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு போடும் தடை அப்போது விலகுகிறது. 170-ஆம் பிரிவில் சேராத வைப்புச் செலவையும் இப்படித்தான் கேட்க முடியும்.

ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சடித்துவிட்டால் போதாதா என்றால், போதாது. 1966-இல் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான லில்லி வைட் வழக்கில், சலவைக் கடை ரசீதில் அச்சிட்டிருந்த நிபந்தனை ஒன்றைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. துணி தொலைந்தால் அதன் மதிப்பில் 15 சதவீதம் மட்டுமே கேட்கலாம் என்பது அந்த நிபந்தனை. அது இழப்பீட்டைக் குறைக்கும் நிபந்தனை, இது விற்பனைக்கான ஒப்புதல் என்பது உண்மைதான். ஆனாலும் படித்துப் பார்க்காத, கையெழுத்திடாத, ஒருதலையான அச்சு வரிகளை நீதிமன்றம் எந்தக் கண்ணோடு பார்க்கும் என்பதற்கு அது நல்ல அடையாளம். "30 நாளுக்கு மேல் நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகை உங்களுக்கு விற்கும் அதிகாரத்தைத் தராது. பொறுப்பில்லை என்று சொல்வதும் விற்பேன் என்று சொல்வதும் ஒன்றல்ல.

நோட்டீஸை எப்படி எழுதுவது என்பதில்தான் பாதி பாதுகாப்பு இருக்கிறது. பொருளின் விவரத்தை, வேறொன்றோடு குழம்பாதபடி எழுதுங்கள்: போன் என்றால் நிறுவனம், மாடல், நிறம், ஐஎம்இஐ எண், தையல் இயந்திரம் என்றால் வரிசை எண். எந்தத் தேதியில் வாங்கினீர்கள், வேலை எப்போது முடிந்தது, கூலி எவ்வளவு, வைப்புச் செலவு எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டுங்கள். எந்தத் தேதிக்குள், எந்த நேரத்தில், எங்கே வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். வராவிட்டால் எந்தத் தேதிக்குப் பிறகு விற்கப்போகிறீர்கள் என்பதை மழுப்பாமல் எழுதுங்கள். "தக்க நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற வரிக்கு இந்த இடத்தில் எந்தப் பயனும் இல்லை. ஒப்புகை வரும் தபாலில் அனுப்புங்கள். வாட்ஸப்பிலும் அனுப்பி, அனுப்பிய நாளும் நேரமும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். "ஆள் இல்லை", "வாங்க மறுப்பு" என்று தபால்காரர் எழுதித் திரும்பி வந்த உறையைப் பிரிக்காதீர்கள். அப்படியே கோப்பில் வையுங்கள். நீங்கள் முயன்றதற்கு அதைவிட வலுவான சாட்சி கிடைக்காது.

விற்பனை நடக்கும்போது பொருளைப் படம் எடுங்கள். இரண்டு மூன்று பேரிடம் எழுத்தில் விலை கேளுங்கள். வாங்குபவருக்கு ரசீது கொடுங்கள். நீங்களோ உங்கள் தம்பியோ வாங்கிக்கொள்ளாதீர்கள். அடகாகப் பெற்ற பங்குகள் குறித்த வழக்கொன்றில், அடகு பிடித்தவர் அந்தப் பொருளைத் தனக்கே விற்றுக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவாகச் சொன்னது. அடகு பிடித்தவருக்கே அந்த நிலை என்றால், ஒரு சீட்டின் பலத்தில் விற்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இந்த வழியின் பலவீனங்களையும் சொல்லிவிட வேண்டும். கொடுத்தவர் உண்மையான உரிமையாளராக இல்லாவிட்டால் அவர் கையெழுத்துக்கு மதிப்பில்லை. அண்ணனின் லேப்டாப்பைத் தம்பி கொண்டுவந்து கொடுத்திருக்கலாம். நிதி நிறுவனக் கடன் பாக்கியுள்ள பொருளாக இருக்கலாம். உரிமையாளர் இறந்துவிட்டது தெரியவந்தால் விற்பனையை நிறுத்தி, வாரிசுகளுக்கு நோட்டீஸ் கொடுங்கள். போன், கணினி என்றால் உள்ளே இருக்கும் படங்களும் வங்கிச் செயலிகளும் இன்னொரு சுமை. தகவல்களை அழிக்காமல் விற்பது அந்த மனிதருக்குச் செய்யும் பெரிய தீங்கு. அழிக்கப்போகிறீர்கள் என்பதையும் நோட்டீஸிலேயே சொல்ல வேண்டும்.

கையெழுத்து வாங்காத பழைய பொருள்களுக்கு என்ன செய்வது? இப்போதாவது ஒப்புதல் கேளுங்கள். பலர் எடுக்க வராததற்குக் காரணம், பழுதுக் கூலி பொருளின் மதிப்பைவிட அதிகமாகிவிட்டது என்பதுதான். "எனக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், கூலிக்குச் சரியாகப் போயிற்று" என்று வாட்ஸப்பில் ஒரு வரி வந்தால் பிரச்சினை முடிந்தது. அந்த ஒரு வரியைக் கேட்கக் கூச்சப்பட்டே பல கடைகளில் அலமாரிகள் நிரம்பியிருக்கின்றன.

## வழி 3: தனிச் சட்டம் ஏற்கெனவே கொடுத்திருக்கும் உரிமை

கீழே வரும் மூன்று வகையினரில் நீங்கள் ஒருவராக இருந்தால் மற்ற வழிகளைத் தேட வேண்டாம்.

அடகு பிடித்தவர்: கடன் கட்டத் தவறினால் 176-ஆம் பிரிவின்படி வழக்குப் போடலாம், அல்லது நியாயமான நோட்டீஸ் கொடுத்து விற்கலாம். விற்றும் போதவில்லை என்றால் பாக்கியைக் கேட்கலாம். கூடுதலாகக் கிடைத்தால் அது அடகு வைத்தவருக்குச் சேர வேண்டும். விற்பனை உண்மையில் நடந்து முடியும் வரை அவர் வந்து மீட்டுக்கொள்ளலாம் (பிரிவு 177). தமிழ்நாட்டில் உரிமம் பெற்ற அடகுக் கடைகள் 1943-ஆம் ஆண்டு அடகு பிடிப்போர் சட்டத்தின் நடைமுறைக்கும் கட்டுப்பட்டவை. நண்பருக்குக் கைமாற்றுக் கொடுத்து மோதிரத்தை வாங்கி வைத்திருப்பவர்களும் 176-ஆம் பிரிவின் கீழ் வருகிறார்கள். நோட்டீஸ் இல்லாமல் விற்பது அங்கேயும் தவறுதான்.

பணம் வராத விற்பனையாளர்: முன்பணம் கொடுத்து சோபாவைப் பேசிவிட்டு எடுக்க வராத வாடிக்கையாளர் விஷயத்தில், பொருள் இன்னும் உங்கள் கையில் இருந்தால், சரக்கு விற்பனைச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு உதவும். மறுவிற்பனை செய்யப்போவதாக நோட்டீஸ் கொடுங்கள். நியாயமான காலத்துக்குள் பணம் வராவிட்டால் வேறொருவருக்கு விற்கலாம், நட்டத்தையும் கேட்கலாம். நோட்டீஸ் கொடுக்காமல் விற்றால் நட்டத்தைக் கேட்கும் உரிமை போய்விடும். லாபம் வந்திருந்தால் அதை முதல் வாடிக்கையாளருக்குத் தர வேண்டியிருக்கும். ஒரு தபால் செலவுக்கு இவ்வளவு வித்தியாசம். அழுகும் பொருளுக்கு மட்டும் நோட்டீஸ் தேவையில்லை.

லாரி, பார்சல் நிறுவனம்: சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007-இன் 15-ஆம் பிரிவு மிகத் தெளிவானது. நோட்டீஸ் கொடுத்து 30 நாளில் எடுக்காவிட்டால் அது கோரப்படாத சரக்கு. அழுகும் சரக்குக்கு 24 மணி நேரம். அழுகாத சரக்கு என்றால், 15 நாளுக்குள் எடுக்கச் சொல்லி இன்னொரு நோட்டீஸ், பிறகு விற்கலாம். வாடகையையும் செலவையும் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். ரயில்வேக்கும் இறக்குமதிச் சரக்குகளுக்கும் அவற்றுக்கென்று சட்டங்கள் இருக்கின்றன.

இந்த நடைமுறையைப் பார்த்து, "லாரி நிறுவனம் செய்யலாம் என்றால் நானும் செய்யலாமே" என்று மெக்கானிக்கோ வீட்டு உரிமையாளரோ நினைக்கக் கூடாது. நாடாளுமன்றம் அவர்களுக்குக் கொடுத்ததை உங்களுக்குக் கொடுக்கவில்லை. ஆனால் வழி 2-க்கான நிபந்தனையை எழுதும்போது இந்த 30, 15 நாள் கணக்கை மாதிரியாக வைத்துக்கொள்வது நல்ல யோசனை. சட்டமே நியாயம் என்று ஏற்ற ஓர் அளவு அது.

## வழி 4: காவல் நிலையம்

உரிமையாளர் யாரென்றே தெரியவில்லை, அல்லது பொருள் திருட்டுப் பொருளோ என்ற ஐயம் இருக்கிறது என்றால் இதுதான் வழி. வேறு எதையும் யோசிக்க வேண்டாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ நேர்மையற்ற முறையில் கையில் வைத்திருப்பதே தனிக் குற்றம்.

காவல்துறை கைப்பற்றிய பொருளைப் பற்றி நடுவருக்கு அறிக்கை அளிக்கும். உரிமையாளர் தெரியாவிட்டால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 503-ஆம் பிரிவின்படி, 6 மாதத்துக்குள் வந்து உரிமையை நிலைநாட்டச் சொல்லி நடுவர் பொது அறிவிப்பு வெளியிடுவார். யாரும் வராவிட்டால் அடுத்த பிரிவின்படி பொருள் மாநில அரசின் வசம் போகும். அழுகும் பொருளாகவோ, 10,000 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ளதாகவோ, விற்பது உரிமையாளருக்கே நன்மை என்று தோன்றுவதாகவோ இருந்தால் இடையிலேயே விற்க நடுவர் உத்தரவிடலாம் (பிரிவு 505).

இதில் உங்களுக்குப் பாதுகாப்பு முழுமையாக இருக்கிறது. பணம் மட்டும் இல்லை. கூலி பாக்கியை வசூலிப்பதற்காக உருவான வழி அல்ல இது. வாடிக்கையாளரின் பெயரும் முகவரியும் கையில் வைத்துக்கொண்டு போனால், "இது சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்புவார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியே. பொருளை ஒப்படைத்தால், விவரங்கள் எழுதிய ஒப்புகைச் சீட்டு இல்லாமல் வெளியே வராதீர்கள். நாளை உரிமையாளர் வந்து கேட்டால் உங்கள் பதில் அந்தக் காகிதம்தான்.

## வழி 5: உரிமையியல் நீதிமன்றம்

நீதிமன்றம் என்றதும் மலைக்கிறார்கள். ஜாக்கெட்டுக்கும் மிக்சிக்கும் இது தேவையே இல்லை. விலை உயர்ந்த இயந்திரம், நகை, வாகனம் என்றால் நான் இதையே சொல்வேன்.

கூலிக்காக வழக்குப் போட்டு, உரிமையாளர் வராவிட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வாங்கலாம். பிறகு நிறைவேற்று மனுவில் அதே பொருளை ஜப்தி செய்து நீதிமன்ற ஏலத்தில் விற்கலாம். தீர்ப்பு வரும்வரை பொருள் தாங்காது என்றால், பொருளும் வழக்கின் பகுதியாக இருக்கும் நிலையில், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆம் கட்டளை 6-ஆம் விதியின்கீழ் இடைக்கால விற்பனைக்கு மனுப் போடலாம். விரைவில் அழியும் பொருளுக்கு மட்டுமல்ல, உடனே விற்பதற்கு வேறு நியாயமான காரணம் இருந்தாலும் அந்த விதி இடம் தருகிறது. கணவன் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமும், அல்லது இரண்டு வாரிசுகளும் வந்து "எனக்குத்தான் தர வேண்டும்" என்று நின்றால், தன் கூலியையும் செலவையும் தவிர அந்தப் பொருளில் வேறு உரிமை கோராதவர், "யாருக்குத் தருவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று நீதிமன்றத்தையே கேட்க அதே சட்டத்தின் 88-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. அதிகம் பேர் அறியாத, அருமையான வசதி இது.

தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 2017-இல் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆகவே கட்டணம் பெரிய சுமை அல்ல. வழக்கறிஞர் கட்டணம், ஆள் கிடைக்காதபோது கொடுக்க வேண்டிய பத்திரிகை விளம்பரம், கடையை மூடிவிட்டு அலையும் நாள்கள் ஆகியவைதான் உண்மையான செலவு. அதற்கு முன், வட்டச் சட்டப் பணிகள் குழுவில் (தாலுகா அளவில் இலவசச் சட்ட உதவி தரும் அமைப்பு) வழக்குக்கு முந்தைய மனு கொடுத்துப் பாருங்கள். கட்டணம் இல்லை. அங்கிருந்து அழைப்புப் போனதும் பல உரிமையாளர்கள் தாமாகவே வந்துவிடுகிறார்கள். அந்த மனுவின் பேரில் மக்கள் நீதிமன்றத்தில் எட்டிய உடன்பாடு தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. இரு தரப்பும் வந்தால்தான் நடக்கும் என்பது மட்டுமே குறை.

## வாகனத்துக்குத் தனிக் கவனம்

பட்டறையில் நிற்கும் பைக்கையோ காரையோ வழி 2-இன்படி விற்றாலும், ஆர்.சி.யில் பெயர் மாறாது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் பதிவு உரிமையாளரின் கையெழுத்து வேண்டும். "ஏலம் போட்டு விற்றேன்" என்று சொன்னால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு ஏற்பது அரசோ அரசின் சார்பிலோ நடத்தும் பொது ஏலத்தைத்தான். நீங்கள் பட்டறை வாசலில் நடத்தும் ஏலம் அதில் வராது. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் வாங்கியவர், விற்றவர், பழைய உரிமையாளர் என்று எல்லாரும் சேர்ந்து அலைய வேண்டியதுதான். உதிரி பாகமாகக் கழற்றி விற்பது இதைவிட ஆபத்து. அது ஆதாரத்தை அழித்ததாகவே பார்க்கப்படலாம். ஆர்.சி. விவரத்தில் கடன் நிறுவனத்தின் பெயர் இருந்தால் முதல் வேலையாக அவர்களுக்குக் கடிதம் எழுதுங்கள். பல நேரம் அவர்களே வந்து பேசி முடிப்பார்கள்.

## உங்கள் நிலை எது?

ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் மதிப்புள்ள பொருள், உரிமையாளரின் எண் கையில் இருக்கிறது: வாட்ஸப் ஒப்புதல் கேளுங்கள், கிடைக்காவிட்டால் நோட்டீஸ், பிறகு வழி 2. சீட்டில் ஒப்புதல் இல்லையென்றால் வழி 1-இலேயே இருங்கள். இடம் போதவில்லை என்பதற்காகத் தானமாகக் கொடுத்தாலும் அடுத்தவர் பொருளைக் கைமாற்றியதாகத்தான் ஆகும். நல்ல மனத்தோடு செய்வதால் குற்ற நோக்கம் இல்லை என்று வாதிடலாம், மதிப்பைக் கொடுக்கும் பொறுப்பு அப்படியே இருக்கும்.

குடித்தனக்காரர் விட்டுச் சென்ற சாமான்: வீட்டு உரிமையாளருக்கு 170-ஆம் பிரிவின் உரிமைகூட இல்லை, ஏனென்றால் அந்தப் பொருளின்மீது அவர் எந்த வேலையும் செய்யவில்லை. அக்கம்பக்கத்தார் இருவர் முன்னிலையில் பட்டியல் எடுத்து, படம் பிடித்து, கையெழுத்து வாங்கி, ஓர் அறையில் பூட்டி வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். வாடகை ஒப்பந்தத்தில் விற்பனைக்கான வாசகம் இருந்தால் வழி 2. இல்லாவிட்டால், வாடகை பாக்கி பெரிதாக இருக்கும்போது வழி 5. அடுத்த ஒப்பந்தத்தில் அந்த வாசகத்தைச் சேர்த்துவிடுங்கள். சான்றிதழ்கள், ஆதார், வங்கிப் புத்தகம் போன்றவற்றை எந்தக் காரணத்துக்காகவும் எடைக்குப் போடாதீர்கள். தனி உறையில் வைத்திருங்கள். ஒரு பிள்ளையின் மதிப்பெண் பட்டியல் உங்களுக்குப் பழைய காகிதமாகத் தெரியலாம். அந்தக் குடும்பத்துக்கு அது அப்படியல்ல.

நகை, வாகனம், விலை உயர்ந்த கருவி: நோட்டீஸ் அனுப்பும் முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள். வழி 5.

விற்பனைக்குப் பிறகு உரிமையாளர் வந்து நின்றால், கோப்பை எடுத்து மேசையில் வையுங்கள்: கையெழுத்திட்ட சீட்டு, திரும்பி வந்த உறை, விலை கேட்ட தாள்கள், விற்பனை ரசீது, கழித்த கூலியின் கணக்கு. மீதித் தொகையை விற்ற அன்றே தனியாக எடுத்து வங்கியில் போட்டு வைத்திருந்தால், அதைச் செலவழிக்கும் எண்ணம் உங்களுக்கு ஒருநாளும் இல்லை என்பதற்கு வங்கிக் கணக்கே சான்று சொல்லும். வங்கிப் பரிமாற்றமாகவே அந்தத் தொகையைக் கொடுத்து, "விற்பனைத் தொகையில் எனக்குரிய மீதியைப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.